மரம் ஏறினா மானம் போயிடுமா?

'மரமேறி' என்கிற சொல்லை நம்ம பக்கம் எந்தத் தொனியில சொல்வாங்கன்னு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும். நாற்பத்தாறு வருஷத்துல கேட்டதை விட இந்த ஆறு மாசத்துல அதிகம் கேட்டுட்டேன். எல்லாம் போன்ல. ராபர்ட்சன்பேட்டையில இருந்து, பெங்களூர்ல இருந்து, இங்கே இங்கிலாந்துலேயே பக்கத்து ஊர்ல இருக்கிற நம்மாளுங்க வீட்டுல இருந்தும்.

காரணம் என் பெரிய பொண்ணு. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு வருஷம் படிச்சா, விட்டுட்டா. இப்போ கயிறு கட்டி மரம் ஏறக் கத்துக்கறா. ஆர்பரிஸ்ட் ஆகணுமாம். அதுக்குத் தமிழ்ல சரியான சொல் இல்லை. என் வீட்டுக்காரம்மா உறவுக்காரங்க கிட்ட 'மர டாக்டர்'னு சொல்லிச் சமாளிக்கறாங்க :-) நான் சமாளிக்கறதா இல்லை. மரம் ஏறுறான்னு நேராவே சொல்றேன். அதுக்குத்தான் இத்தனை பேச்சு.

"இதுக்காடா ஃப்ளைட் ஏறிப் போன?" இது பெரியம்மா. "பொட்டப் புள்ளைய மரத்துல ஏத்தி வுட்டு வேடிக்க பாக்குறியே, நாளைக்கு எவன் கட்டுவான்?" இதுவும் பெரியம்மா. அவங்க பெரியவங்க, போன்ல எதிர்த்துப் பேச முடியாது. "சரிங்க பெரியம்மா"ன்னு வெச்சுட்டு இங்கே வந்து கொட்டறேன்.

முதல்ல அவ என்ன கத்துக்கறான்னு சொல்லிடறேன். திட்டற யாருக்கும் அது தெரியலை.

முதல் வாரம் மரத்துல ஏறவே விடலை. தரையில உட்கார்ந்து முடிச்சு போடணும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கிட்டு, கையுறை போட்டுக்கிட்டு, மழையில நின்னுக்கிட்டு. அப்புறம் கயிறு எறியறது. கால் கிலோவுக்கு மேல இருக்கிற ஒரு சின்னப் பையை மெல்லிசான நூல்ல கட்டி, முப்பது நாற்பது அடி உயரத்துல இருக்கிற கவைக்குள்ள போய் விழற மாதிரி வீசணும். பத்துல எட்டு தடவை வேற கிளையில மாட்டிக்கும். அது சரியா விழுந்தா அந்த நூலைப் பிடிச்சு ஏறுற கயிற்றை மேலே இழுப்பாங்க. பட்டை தேயாம இருக்க கவையில ஒரு வளையம் போடுவாங்க. ஏறுற கயிறு நம்ம சுண்டு விரல் கனம்தான் இருக்கும், பன்னிரண்டு பதிமூணு மில்லிமீட்டர். அதுல ஒரு உராய்வு முடிச்சு. பாரம் விழுந்தா இறுகிப் பிடிச்சுக்கும், கையால தளர்த்தினா நகரும். அந்த ஒரு முடிச்சை நம்பித்தான் ஆள் தொங்கறது.

முதல் தடவை பத்தடி ஏறி அப்படியே நின்னுட்டா. மேலேயும் போகலை, கீழேயும் வரலை. பயிற்சி கொடுக்கறவர் அவசரப்படுத்தாம, "மரத்தை விடு, கயிற்றுல உட்காரு"ன்னு கால் மணி நேரம் அதையே சொல்லிக்கிட்டு நின்னார். புதுசா ஏறுற எல்லாருக்கும் வர்ற பிரச்சினை இது. கை மரத்தைக் கட்டிப் பிடிக்கும், உடம்பு கயிற்றை நம்பாது. கயிற்றுல உட்காரப் பழகின அப்புறம்தான் கை வேலைக்கு மிச்சமாகும்.

எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. மேலே போய் வெட்டக் கத்துக் கொடுக்கறதுக்கு முன்னாடியே, மேலே மாட்டிக்கிட்டவனைக் கீழே இறக்கக் கத்துக் கொடுத்துடறாங்க. ஏறுறதும் மீட்கறதும் இங்கே ஒரே தேர்வு. மீட்கத் தெரியாதவனுக்கு ஏறுற சான்றிதழ் கிடையாது. செயின்சாவை மேலே கொண்டுபோறது அதுக்கு அப்புறம் தனித் தேர்வு. அதுக்குப் போடற கால்சட்டையைப் பார்த்திருக்கீங்களா? உள்ளே நீள நீளமா நார் அடைச்சிருக்கும். செயின் துணியைக் கிழிச்சதும் அந்த நார் சுத்திக்கிட்டு மிஷினையே நிறுத்திடும். கால் தப்பிக்கும்.

வெட்டறதுலேயும் படிப்பு இருக்கு. கிளை தண்டுல சேருற இடத்துல ஒரு தடிப்பு இருக்கும் பாருங்க, கழுத்துப்பட்டை மாதிரி. அதைத் தொடாம அதுக்கு வெளியில வெட்டினா மரம் தானே அந்தக் காயத்தைச் சுத்திச் சுவர் எழுப்பிக்கும். தண்டோட ஒட்டி வழவழன்னு வெட்டினா உள்ளே அழுகல் இறங்கிடும். அமெரிக்கக்காரர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து இதை நிறுவினார். உயிரோட இருக்கப் போற மரத்துல ஆணி வெச்ச காலணி போட்டு ஏறக் கூடாது, பட்டைக்கு அடியில இருக்கிற உயிர்த் திசு கிழியும். நம்மூர்ல கரண்ட் கம்பிக்காக ஒரு பக்கம் முழுசா மொட்டையடிச்சு விட்ட புங்க மரத்தையும் தூங்குமூஞ்சி மரத்தையும் ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. நாம அதுக்குப் பேரு 'கழிக்கிறது'ன்னு வெச்சிருக்கோம்.

சரி, ஆபத்துக்கு வருவோம். ஆபத்து இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கு. இந்த நாட்டுல ஆபத்தான வேலைகள்னு பட்டியல் போட்டா இது மேலேதான் வரும். ஆஷ் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்திருக்கு, 2012-ல இங்கே முதல்ல கண்டுபிடிச்சாங்க. அந்த நோய் வந்த மரம் சொல்லாம கொள்ளாம முறியும், அதுல ஏறவே கூடாதுன்னு பல இடத்துல கிரேன் வெச்சுத்தான் வெட்டறாங்க. பொண்ணு வேலைக்குப் போற நாள்ல போன் மணி அடிச்சா எனக்கும் ஒரு நொடி வயிறு கலங்கத்தான் செய்யுது.

ஆனா ஆபத்தைப் பத்திக் கவலைப்படற உறவுக்காரங்க கிட்ட எனக்கு ஒரே ஒரு கேள்வி. நம்ம வீட்டுத் தென்னையில தேங்காய் பறிக்க ஒருத்தர் வருவாரே, கைலியை மடிச்சுக் கட்டி, இடுப்புல அரிவாளைச் சொருகி, காலுக்கு ஒரு கயிற்று வளையம் மட்டும் போட்டு அறுபது அடி ஏறுவாரே, அவர் பேரு என்ன? உங்க யாருக்காவது தெரியுமா? அவருக்கு ஹெல்மெட் இருந்துச்சா? அவர் வீட்டுல என்னிக்காவது போன் மணிக்கு வயிறு கலங்கியிருக்குமான்னு நாம யோசிச்சோமா? மரத்துக்கு இவ்வளவுன்னு பேசி, அதுலேயும் பேரம் பண்ணி, ரெண்டு காயைக் கையில கொடுத்து அனுப்பினோம். அன்னிக்கு வராத பயம் இன்னிக்கு எங்கிருந்து வந்துச்சு? விழுந்தா யாரு விழுவாங்கங்கறதைப் பொறுத்துத்தான் பயம் வருதுன்னா அதுக்குப் பேரு பாசம் மட்டும் இல்லை.

அடுத்தது அந்தச் சொல். தென் மாவட்டத்துல பனை ஏறின சமூகம் அந்தப் பேரைத் தன் மேல இருந்து உரிச்சு எறிய நூறு வருஷத்துக்கு மேல போராடியிருக்கு. அவங்க பிள்ளைங்க பனை ஏற மாட்டோம்னு சொன்னதுல முழு நியாயம் இருக்கு. தளைநாரைக் காலுல மாட்டி, அருவாப்பெட்டியை இடுப்புல கட்டி, காலையும் மாலையும் மரம் மரமா ஏறி இறங்கின வேலை அவங்க தேர்ந்தெடுத்தது இல்லை. பிறப்பால தலையில கட்டினது. விழுந்தா கேட்க நாதி கிடையாது, ஏறி இறக்கின பதநீருக்கு விலையும் கிடையாது, ஏறினதுக்காகவே கோயிலுக்குள்ள விடவும் மாட்டாங்க. அப்படிப்பட்ட வேலையை எவன் பெருமையா நினைப்பான்? இழிவு அந்த ஏற்பாட்டுல இருந்தது. அதை ஏறினவன் மேலே ஏத்தி வெச்சது நாம. பனையை மாநில மரம்னு வெச்சுக் கொண்டாடற நாம, அதுல ஏறினவனை வசவா வெச்சிருக்கோம்.

இதை நம்ம தங்கவயல்காரங்க சொல்றதுதான் எனக்குத் தாங்கலை. நாம யாரு? குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர் பக்கத்துக் கிராமங்கள்ல ஊருக்கு வெளியே வெச்சிருந்த ஜனம்தானே பெரும்பாலும்? அங்கே கூப்பிட்ட பேரைக் கேட்க முடியாமத்தானே தட்டி வீட்டுல குடியிருந்தாலும் பரவாயில்லைன்னு மாரிக்குப்பத்துக்கும் சாம்பியன் ரீஃபுக்கும் வந்தாங்க? என் தாத்தா கேஜ்ல ஏறிக் கீழே இறங்கின ஆள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலே ஆழம். அவர் உயிர் முப்பது வருஷம் ஒரு கம்பிக் கயிற்றுல தொங்கிச்சு. கீழே ராக் பர்ஸ்ட், மேலே வந்தா சிலிகோசிஸ். அந்தக் கயிற்றைத் தினமும் சோதிக்கணும்னு சட்டம் இருந்துச்சு. கயிற்றுல தொங்கிப் பொழைச்ச வம்சம் நம்மது. கீழே இறங்கினா குலப் பெருமை, மேலே ஏறினா குல நாசமா?

வெள்ளைக்காரன் கதையையும் சொல்லிடறேன். 1880-ல ஜான் டெய்லர் கம்பெனி வந்ததுக்கு அப்புறம் கார்ன்வால்ல இருந்து சுரங்கத்து ஆளுங்க வந்தாங்க. நாம அவங்களை 'தொரை'ன்னோம், பங்களா கொடுத்தோம், கிளப்பு வாசல்ல நின்னு சலாம் போட்டோம். அவங்க ஊர்ல அவங்க யாரு? செம்புச் சுரங்கம் படுத்துப் போய் பொழைப்புத் தேடிக் கிளம்பின கைவேலைக்காரங்க. கயிறும் உளியும் வெடிமருந்தும் தெரிஞ்ச ஆளுங்க. அவங்க அந்தக் கைத்தொழிலைக் கடல் தாண்டிக் கொண்டுபோனா தொரை. என் பொண்ணு கடல் தாண்டி ஒரு கைத்தொழிலைக் கத்துக்கிட்டா மரமேறி. நல்லா இருக்கு நியாயம்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. 2001 பிப்ரவரியில சுரங்கத்தை மூடினப்போ மூவாயிரத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு வேலை போச்சு. அதுல எத்தனை பேரு ரிக்கிங் தெரிஞ்சவங்க! பல டன் இரும்பைக் கயிறும் கப்பியும் வெச்சு இம்மி பிசகாம இறக்கினவங்க. பெல் சிக்னல்லயே பேசிக்கிட்டவங்க. பெரிய கிளையை வெட்டினதும் அதைக் கீழே இருக்கிற கூரை மேல விழாம கயிற்றுல கட்டி மெதுவா இறக்கற வேலை இருக்கே, அது அப்படியே சுரங்கத்து வேலைதான். பொண்ணு அதை எனக்கு விளக்கினப்போ தாத்தா பேசறது மாதிரியே இருந்துச்சு. நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூர்ல ஒவ்வொரு ஏப்ரல் மே மழைக்கும் மரம் சாயுது, கார் நசுங்குது, ஆளு சாகுது. மரத்தைக் காப்பாத்த 1976-லேயே கர்நாடகத்துல சட்டம் வந்துடுச்சு. ஏறிப் பார்த்து எந்தக் கிளை அழுகியிருக்கு, எதை எடுக்கணும், எதை விடணும்னு சொல்ற ஆளைத் தயார் பண்ண வேண்டியதுதானே? நம்ம பையன்களுக்கு ஆறு மாசப் பயிற்சியும் ஒழுங்கான கயிறும் கொடுத்திருந்தா போதும். யாரும் யோசிக்கலை. அவங்க விடியறதுக்கு முன்னாடி ரயில் ஏறிப் போய் பெங்களூர்ல ஏதோ ஒரு கட்டடத்து வாசல்ல செக்யூரிட்டியா நின்னுட்டு ராத்திரி திரும்பி வந்தாங்க. அதை மட்டும் கௌரவக் குறைவுன்னு எந்தப் பெரியம்மாவும் சொல்லலை. யூனிஃபார்ம் இருக்கே!

செய்ய முடியாத காரியமும் இல்லை. 2011-ல தென்னை வளர்ச்சி வாரியம் மெஷின் வெச்சுத் தென்னை ஏறப் பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சது, இன்சூரன்ஸோட. கேரளத்துல பொண்ணுங்களும் அதைக் கத்துக்கிட்டு ஏறுறாங்க. அவங்களுக்கும் கல்யாணம் காட்சி எல்லாம் நடக்குது பெரியம்மா.

பணம்? ஆரம்பத்துல கம்மிதான். ஐடி சம்பளத்தோட ஒப்பிட வேண்டாம். ஆனா ஒரு விஷயம், எங்க டீம்ல போன வருஷம் பாதிப் பேரை அனுப்பிட்டாங்க, எல்லாரும் டிகிரிக்காரங்க. மரத்துல முறிஞ்சு தொங்கற கிளையை வேற நாட்டுல இருந்து லேப்டாப்ல இறக்க முடியாது. நாற்பது வயசுக்கு மேல தோளும் முழங்காலும் சொல்பேச்சு கேட்காதுதான். அதுக்கு மேலே கவுன்சில்ல மர அதிகாரி, மரத்தைப் பார்த்து அறிக்கை எழுதற ஆலோசகர்னு வழி இருக்கு. மரத்தைப் பத்தி பி.எஸ்சி. பட்டமே கொடுக்கற கல்லூரியும் இங்கே இருக்கு. டிகிரி இல்லாம தூக்கம் வராதவங்களுக்காக இதைச் சொல்றேன்.

உங்க வீட்டுல எந்தப் பிள்ளையாவது இதே மாதிரி வந்து கேட்டா, தயவு செஞ்சு சாதியையும் சொந்தக்காரங்களையும் இழுக்காதீங்க. பயிற்சி இடத்துக்கு நீங்களே நேர்ல போங்க. ஒருத்தர் மேலே இருக்கும்போது மீட்கத் தெரிஞ்ச இன்னொருத்தர் கீழே கியரோட நிக்கறாரான்னு பாருங்க. செயின்சாவைக் கையில எடுக்கறப்போ ரெண்டு இடத்துல கட்டிக்கிட்டு இருக்காங்களான்னு பாருங்க. 1998-ல வந்த சட்டப்படி ஆளைத் தாங்கற கயிறு, பெல்ட், கொக்கி எல்லாத்தையும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தகுதியான ஆள் சோதிச்சு எழுதி வைக்கணும். அந்தப் பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. காட்டத் தயங்கினா பேசாம பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்து வேற இடம் தேடுங்க.