பிள்ளையின் டைமன்டும் உடைமைதான்: நற்பிட்டிமுனை மக்களின் கோரிக்கைச் சாசனம்

நற்பிட்டிமுனையில் வாழும் முஸ்லிம், தமிழ்க் குடும்பங்களின் பெற்றோரும் இளைஞர்களும் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். பிரீ பயர், பப்ஜி என்ற கைபேசி விளையாட்டுகளின் டைமன்ட், யூசி எனும் விளையாட்டுக் காசு, கன் ஸ்கின், வாராந்த மெம்பர்ஷிப் என்று விளையாட்டுக்குள் பயன்படும், சிலவேளை கிப்டாகவும் போகும் பொருட்களை நம் பிள்ளைகள் காசு கொடுத்தே வாங்குகிறார்கள். பெருநாளைக்குக் கிடைத்த காசு, உண்டியல் காசு, கட்டாரிலிருந்து வாப்பா அனுப்பியதில் மிச்சம் பிடித்த காசு. அதை ஆள்மாறாட்டக்காரர்கள் பறிக்கிறார்கள். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலேயே குற்றம். பிறர் கணக்கினுள் அனுமதியின்றி நுழைவதை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் தண்டிக்கிறது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையவழி ஏமாற்றுதலைத் தனிக் குற்றமாகவே எழுதியிருக்கிறது. அந்தச் சட்டம் பேச்சுரிமைமேல் கைவைக்கும் இடங்களை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் மோசடிக்காரனைப் பிடிக்கச் சட்டம் போதாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. இத்தனை சட்டங்கள் இருந்தும் நடவடிக்கை மட்டும் ஏன் பிந்துகிறது என்பதே எங்கள் கேள்வி.

களவு நடக்கும் விதத்தை முறைப்பாடு எழுதும் அலுவலர் அறிந்திருக்க வேண்டும் என்பதால் இங்கே விரித்துச் சொல்கிறோம். டைமன்ட் விற்பவர், ஐடி எனும் விளையாட்டுக் கணக்கை மாற்றுபவர், தொலைபேசி ரீலோட் வாங்கிக்கொண்டு கிப்ட் போடுபவர் எல்லோரும் பேஸ்புக், வட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் நம்பிக்கை இல்லாதபோது குழுவின் எட்மின் நடுவில் நிற்பார். மோசடிக்காரன் அந்த எட்மினின் படத்தை எடுத்து, பெயரில் ஒரு புள்ளியோ ஓர் எழுத்தோ கூட்டி, அதே கவர் படத்துடன் இன்னொரு கணக்குத் திறக்கிறான். "தம்பி, நீங்க முதல்ல அனுப்புங்க, நான் இப்பயே கிப்ட் போடுறன்" என்று இன்பொக்சுக்கு வருகிறான். ரீலோட் போய்ச் சேர்ந்த மறுகணம் பிளொக் செய்துவிடுகிறான். விற்கிற பிள்ளைக்கு வேறு பொறி. வங்கியில் காசு போட்டதாக ஒரு சிலிப்பின் ஸ்கிரீன்ஷொட் வரும். திகதி சரி, தொகை சரி. ஓர் இலக்கத்தின் எழுத்துத் தடிப்பு மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும். அதைக் கவனிக்காத பிள்ளை ஐடியைக் கொடுத்துவிடும். ஆக மோசமானது, இலவச டைமன்ட் என்று வரும் லிங்க். அதைத் தட்டினால் பேஸ்புக்கின் உள்நுழைவுப் பக்கம் போலவே ஒன்று திறக்கும். பிரீ பயர் கணக்கைப் பலர் பேஸ்புக்கோடு இணைத்து வைத்திருப்பதால் அந்தப் பாஸ்வேர்ட் போனால் இரண்டும் போகும். பிறகு அந்தப் பிள்ளையின் பெயரிலேயே டோஹாவிலிருக்கும் மாமாவுக்கு "அவசரமாக் காசு வேணும் மாமா" என்று செய்தி போகிறது.

எங்கள் முதற் கோரிக்கை பொலிஸ் திணைக்களத்திடம். கணினிக் குற்றங்களில் பயிற்சி பெற்ற, தமிழ் பேசும் அலுவலர் ஒருவர் கல்முனைப் பொலிஸ் நிலையத்தில் எந்நாளும் கடமையில் இருக்க வேண்டும். முறைப்பாட்டை அது சொல்லப்படும் மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ஆயிரத்து ஐந்நூறு ரூபா டைமன்டுக்காக முறைப்பாடு செய்ய ஒரு தாய் கொழும்புக்கு இரவு பஸ் ஏறமாட்டார். அது மோசடிக்காரனுக்கும் தெரியும். சின்னச் சின்னத் தொகைகளாக, தூரத்து ஊர்ப் பிள்ளைகளிடம் அவன் எடுப்பது அதனால்தான். ஒரே இலக்கத்துக்கு எதிராகப் பத்து ஊரில் பத்து முறைப்பாடு பதிவானால் அவன் அகப்படுவான். எனவே தொகை சிறிது என்று எந்த முறைப்பாடும் திருப்பப்படக்கூடாது. "விளையாட்டுச் சாமானுக்கா வந்தீங்க?" என்ற கேள்வி எந்த மேசையிலும் எழக்கூடாது. முறைப்பாட்டு இலக்கம் அன்றைக்கே கையில் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, காசைத் தடுத்து நிறுத்தும் ஒரு குறுகிய தொலைபேசி இலக்கம். இணையவழிக் காசுமாற்றம் நொடிகளில் முடிகிறது. அடுத்த சில நிமிடங்களில் அந்தக் காசு எடுக்கப்பட்டுவிடுகிறது. பிரீ பயரை நடத்தும் கரீனா நிறுவனத்தின் தாயகமான சிங்கப்பூரில் 2019 ஜூனிலேயே மோசடித் தடுப்பு மையம் திறந்து, பொலிசும் வங்கிகளும் சேர்ந்து சந்தேகக் கணக்குகளை முடக்கத் தொடங்கிவிட்டன. இந்தியாவில் 1930 என்ற இலக்கத்தை அழைத்தால் முறைப்பாடு வங்கிகளுக்குப் போகிறது. இலங்கை மத்திய வங்கியின் 1935, இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்று இலக்கங்கள் இங்கும் இருக்கின்றன. ஆனால் பறிபோன காசு எடுக்கப்படுமுன் நிறுத்தும் அதிகாரத்தோடு, இரவிலும் வெள்ளி, ஞாயிறிலும் தமிழில் பேசும் ஒரே இலக்கம்தான் வேண்டும். ரீலோட்டாகப் போன காசுக்கும் இது பொருந்த வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அதைக் கையடக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குக் கட்டளையாக்கலாம்.

மூன்றாவது, காசு அனுப்புமுன் பெறுபவரின் பெயர் திரையில் தெரிய வேண்டும். இந்தியாவின் யூபிஐ பணச் செயலிகளில் அது அன்றாட வழக்கம். பிரித்தானியாவின் பெரிய வங்கிகள் பெயரையும் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை 2020இல் தொடங்கிவிட்டன. எட்மின் என்று நம்பிய ஆளின் பெயருக்குப் பதில் முன்பின் தெரியாத ஒரு பெயர் வந்தால் பிள்ளையின் விரல் அங்கேயே நின்றுவிடும். இதை எல்லா வங்கிகளுக்கும் பணப்பைச் செயலிகளுக்கும் மத்திய வங்கி கட்டாயமாக்க வேண்டும்.

நான்காவது கோரிக்கை விளையாட்டு நிறுவனங்களிடம். இது அவர்களுக்குப் புதிய வேலை இல்லை. மாதத்துக்கு ஏறக்குறைய 77,000 கணக்குகள் பறிக்கப்படுவதாக ஸ்டீம் எனும் கணினி விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2015 டிசம்பரில் தானே ஒப்புக்கொண்டது. கைமாறும் பொருட்களைச் சில நாட்கள் தடுத்துவைக்கும் முறையை இறுக்கியது. 2025 ஜூலையில், சில விளையாட்டுப் பொருட்கள் கைமாறி 7 நாட்களுக்குள் மீளப்பெறும் வழியையும் திறந்தது. போர்ட்நைட் விளையாட்டில் கிப்ட் அனுப்ப இரட்டைச் சரிபார்ப்பு வேண்டும். நண்பராகி 48 மணி நேரமும் கழிய வேண்டும். நம் பிள்ளைகள் விளையாடுவது கையடக்கத் தொலைபேசியில். இந்தப் பாதுகாப்பு பிரீ பயருக்கும் பப்ஜி மொபைலுக்கும் வந்தாக வேண்டும்: கிப்டுக்குக் காத்திருப்பு நேரம், மோசடி உறுதியானால் மீளப்பெறும் வழி, தமிழில் முறைப்பாட்டுப் படிவம். ஐடி விற்பது நிறுவன விதிக்கு முரண் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த விதியைக் காட்டி, ஏமாந்த சிறுவனின் வாயை அடைக்கக்கூடாது. பெற்றோர் அறியாமல் பிள்ளைகளை வாங்கவைத்த குற்றச்சாட்டில் போர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனத்திடமிருந்து 24 கோடி 50 இலட்சம் டொலரை நுகர்வோருக்குத் திருப்பித் தர 2022 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு வழிசெய்தது. கேட்கிற அரசு இருந்தால் நிறுவனம் கொடுக்கும். எங்கள் நுகர்வோர் அதிகாரசபை கேட்கத் தொடங்கட்டும்.

ஐந்தாவது, நம் சொந்தக் கடைத்தெரு. கல்முனை நகரிலும் நற்பிட்டிமுனையிலும் டைமன்ட் போட்டுக்கொடுக்கும் கொமினிகேஷன் கடைகள் கொடுக்கல் வாங்கல் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டுத் தர வேண்டும். பிறருடைய களவாடிய கார்டில் மலிவாகப் போடப்படும் டைமன்டை விளையாட்டு நிறுவனம் பின்னர் கண்டுபிடித்தால் தண்டனை பிள்ளையின் கணக்குக்குத்தான். எனவே வழமையை விடப் பாதி விலைக்கு விற்பவர் அதை எங்கே வாங்கினார் என்று காட்டக் கடமைப்பட்டவர். டைமன்ட் போட விளையாட்டு ஐடி இலக்கம் மட்டும் போதும். பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்பவன் களவுக்கே கேட்கிறான். இந்த வாசகத்தைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுவதை மாநகர சபை வியாபார அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும். செலவு ஒரு தாள்தான்.

ஆறாவது, பாடசாலை. கல்முனை வலயக் கல்வி அலுவலகம் ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கட்டும். போலிச் சிலிப்பை உண்மையானதோடு பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். இரட்டைச் சரிபார்ப்பை அங்கேயே போட்டுக் கொடுக்கட்டும். இதைக் காட்டிக்கொடுக்க உயர்தர மாணவர்களே போதும். பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் முன்வர வேண்டும். அளவை நிறுவையில் மோசம் செய்வதை மிம்பரில் கண்டிக்கும் ஊர் இது. விளையாட்டுக்குள் பிள்ளையை ஏமாற்றுவதும் அதே பாவம் என்று ஒரு ஜும்ஆவில் சொன்னால் கேட்கப் பெரும் கூட்டம் இருக்கிறது. அதைச் சொல்லும்போது, சிறு தரகுக்காகத் தன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் அறியாதவனுக்குக் கொடுக்கும் இளைஞனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு வழியேதான் களவுக் காசு போகிறது.

ஏழாவது கோரிக்கை எங்களிடமே. ஏமாந்த பிள்ளை முதலில் பயப்படுவது வாப்பாவின் கைக்கு, அல்லது போனைப் பறித்துவிடுவார்கள் என்று. மோசடிக்காரன் அந்தப் பயத்தையும் விற்கிறான்: "வீட்டுல சொல்லிப்போடுவன், இன்னும் ரெண்டாயிரம் போடு" என்று இரண்டாம் முறையும் எடுக்கிறான். காசைத் தடுக்கக் கிடைக்கும் முதல் மணித்தியாலம் அப்படியே போய்விடுகிறது. பெற்றோரே, பிள்ளை வந்து சொன்னால் ஏசாதீர்கள். சட்டை செய்யாமலும் விடாதீர்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, எதிராளியின் இலக்கத்தையும் கணக்கு லிங்க்கையும் எழுதி, பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, வங்கிக்கும் பொலிசுக்கும் அதே நாளில் சொல்லுங்கள்.

இந்தச் சாசனத்தின் பிரதி பொலிஸ் திணைக்களம், மத்திய வங்கி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, கல்முனை மாநகர சபை, வலயக் கல்வி அலுவலகம் ஆகியவற்றுக்குச் செல்கிறது. ஒவ்வோர் அலுவலகமும் தன் பங்கை எந்தத் திகதிக்குள் முடிக்கும் என்று 30 நாட்களுக்குள் எழுத்தில், தமிழில் பதில் தர வேண்டும். பதில் வராத இடத்துக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எங்கள் விண்ணப்பம் வரும். அதற்கு அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.