பம்ப் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கோ

அமெரிக்காவில் உமாரெக்ஸ் கோன்ட்லெட் 300 டொலர் அளவில் வந்தபோது, முன்கூட்டியே காற்று நிரப்பிச் சுடும் றைபிள் சாதாரண ஆட்களுக்கும் எட்டியது. நல்ல விசயம்தான். ஸ்பிரிங் றைபிள் மாதிரி உதைக்காது, பழகாத கைக்கும் குறி வரும். பாரம் கூட, உடம்பு பிளாஸ்டிக். அது பரவாயில்லை.

ஆனால் யூரியூப்பில் நாங்கள் பார்த்த விமர்சனங்கள் பல துப்பாக்கியின் விலையோடயே நின்றுவிடுகின்றன. அது பிழை. கார் ரயருக்கு 2 பார் சொச்சம் காற்றுக் காணும். இதுக்கு 200 பார் வேணும். சைக்கிள் பம்ப் கிட்டவும் வராது. தனிப் பம்புக்கு வேற காசு, கையால அடிச்சா வேர்த்துக் கொட்டும். ரெகுலேட்டர் இல்லாத மலிவு றைபிள்களில் அழுத்தம் இறங்க இறங்கக் குண்டின் வேகமும் மாறும். கோன்ட்லெட்டில் அது இருக்கு.

பம்புக்குக் காசில்லாதவர் ஒக்சிசன் சிலிண்டரை மாட்டிப் பார்க்க நினைச்சால்? உள்ளே கொஞ்சம் எண்ணெய்ப்பசை இருந்தாலே வெடிக்கும். முகத்துக்குப் பக்கத்தில.