கல்சட்டிக்கு நாம் செய்தது

வீட்டுப் பெருமை பேசத் தொடங்கினால் புதுவயல்காரர்களாகிய நமக்கு வாய் ஓயாது. தூணுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து, தளத்துக்குப் பளிங்கு இத்தாலியிலிருந்து என்று கப்பல் வந்த வழியோடு சொல்வோம். பின்கட்டு அடுப்படியில் கரேலென்று உட்கார்ந்திருந்த கல்சட்டி யார் கடைந்தது என்று மட்டும் கேட்டதில்லை. நம் பக்கத்து மண் செம்பூரான் கல்லுக்குப் பேர் போனது. சட்டிக்கான மாக்கல்லும் கடைசல்காரர்களும் சேலம் பக்கம். சட்டி வந்தது, சமைத்தோம். அதற்கு மேல் விசாரிக்கத் தோன்றவில்லை.

நகத்தால் கீறினாலே கோடு விழும் கல் மாக்கல். பாளமாக அறுத்து, உளியால் கொத்தி உருவாக்கி, கடைசலில் ஏற்றி உள்வயிற்றைக் குடைந்தெடுப்பார்கள். கழுத்தைச் சுற்றி ஓடும் வரிகளும் கடைசலில் விழுபவைதான். பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் காதுகள் ஒட்டவைத்தவை அல்ல. அதே கல்லில் மிச்சம் விட்டுச் செதுக்கியவை. உளி கொஞ்சம் அழுந்தினால் அத்தனை பாடும் வீண். புதுச்சட்டி சாம்பல் நிறத்தில்தான் வரும். எண்ணெய் குடித்துக் குடித்துத்தான் கறுக்கும்.

கேஸ் அடுப்பும் குக்கரும் வந்ததும் அந்தச் சட்டி நமக்குப் பாரமாகிவிட்டது. அடுப்பை அணைத்த பிறகும் அதில் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், புளி அதை அரிக்காது, தயிர் சீக்கிரம் புளிக்காது. எல்லாம் தெரியும். ஆனால் எண்ணெயும் மஞ்சளும் பூசி ஊறவைத்து, நாள்தோறும் சூடான வடிகஞ்சி ஊற்றி, சின்னத் தீயில் வைத்துப் பழக்க வேண்டுமே! அந்தச் சில நாள் பொறுமை நம்மிடம் இல்லை. பெண்ணுக்குச் சாமான் பரப்பியபோது எவர்சில்வரை அடுக்கினோம். கல்சட்டி கனம், கைதவறினால் உடையும் என்றோம். மாமியார்களும் மறுக்கவில்லை, மருமகள்களும் கேட்கவில்லை. ஆண்கள் நாம் அடுப்படிப் பக்கமே போகாமல் ருசி மாறிவிட்டதென்று குறை மட்டும் சொன்னோம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல்லின் மாவை முகத்துக்குப் பவுடராகப் பூசுவதை நாம் இன்னும் விடவில்லை.

பிறகு பழமை மீது திடீர்ப் பாசம் வந்தது. நாமே எடைக்குப் போட்ட சட்டியைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நாமே விலை பேசி வாங்கி வந்து, வரவேற்பறையில் வைத்துச் செடி வளர்க்கிறோம். 1117-இல் எழுந்த பேலூர் கோயிலுக்குச் சுற்றுலா போய், மாக்கல் தூண்களின் கடைசல் வழவழப்பைத் தடவிப் பார்த்து வாய் பிளக்கிறோம். இந்தப் பாசம் முந்தைய மறதியைவிடக் கொஞ்சம் மோசம் என்றே எனக்குப் படுகிறது. பழைய சட்டிக்குக் கொடுக்கும் காசில் ஒரு ரூபாய்கூடக் கடைசல்காரர் கைக்குப் போவதில்லை. பாத்திரத்தைக் காப்பாற்றிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பட்டறைக்கு வேலை வரவில்லை.

சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. நம் ஆச்சிமார் பின்னிய பனையோலைக் கொட்டானையும் இப்படித்தான் மறந்திருந்தோம். விசாலாட்சி ராமசாமி தொடங்கிய அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்த பிறகு கொட்டான் மறுபடி விசேஷங்களுக்கு வந்தது. பழைய கொட்டானைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டியதால் அது பிழைக்கவில்லை. புதிதாகப் பின்னினார்கள், வாங்க ஆள் வந்தது.

சேலம் பக்கம் கல்சட்டி கடைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த கல்யாணத்துக்குச் சாமான் பட்டியல் எழுதும்போது புதுச்சட்டி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். பழக்கும் விதத்தையும் பெண்ணுக்கு மட்டுமல்ல, மாப்பிள்ளைக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.