மாறுகண் அதிர்ஷ்டமாம், யாருக்கு?

தோழர்களே, ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் காலனியில் ஒரு நாலு வயதுப் பிள்ளை. படப் புத்தகத்தைப் பிடித்தால் வலது கண் மூக்குப் பக்கம் ஓடுகிறது. "மாறுகண் அதிர்ஷ்டம்" என்கிறார் ஆயா. "வளர வளரச் சரியாயிடும்" என்றார்கள் படித்தவர்கள்.

தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. பல குழந்தைகளுக்குத் தூரப்பார்வைதான் காரணம். தெளிவாகப் பார்க்க கண் அதிகம் முயலும்போது உள்நோக்கித் திரும்புகிறது. முழு ப்ளஸ் பவர் கண்ணாடி போட்டால் பலருக்கு ஆபரேஷனே தேவைப்படாது. தாமதித்தால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். (ஒதுக்குவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.)

ஏழெட்டு வயதுக்குள் பிடிக்க வேண்டிய குறை இது. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் பள்ளிப் பரிசோதனையோ 10 முதல் 14 வயதைக் குறிவைத்தே வளர்ந்தது. ஆறு மீட்டர் அட்டையை இந்தப் பிள்ளை முக்கி முனகி வாசித்தும்விடும். "நார்மல்" என்று எழுதிவிடுவார்கள். உண்மையான பவர் தெரிய சொட்டு மருந்தோ அட்ரோபின் களிம்போ போட்டுத்தான் பார்க்க வேண்டும். களிம்பு என்றால் சிதம்பரத்துக்கு இரண்டு நடை, இரண்டு நாள் கூலி போச்சு. போகமுடியாத தாயை "அறியாமை" என்பவர்கள் அந்தக் கூலியைக் கொடுப்பார்களா?

2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. விதிப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இருமுறை வர வேண்டும். அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள்: நம் காலனிக்கு எப்போது வந்தார்கள், பதிவேடு எங்கே?