கைநாட்டு

எங்கள் சமூகப்பணி ஆய்வு மாநாட்டின் ஆண்டு நிறைவுக்கு மலர் போடுகிறார்கள், வாழ்த்துரை கேட்டார்கள். அதற்குப் பதிலாக இதைத் தருகிறேன். திருவள்ளூர் மாவட்டத்தைக் களமாக வைத்துப் பட்டம் வாங்கிய, பாடம் நடத்திய, கட்டுரை வாசித்த எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன்.

சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கியது 1952இல். எழுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் களமும் தூரமில்லை; சென்னையில் புறநகர் ரயில் ஏறினால் மீஞ்சூர், பொன்னேரி தாண்டிக் கும்மிடிப்பூண்டி. காலையில் போய்ப் படிவம் நிரப்பிவிட்டு மாலை வண்டியில் திரும்பிவிடலாம். அப்படித்தான் திரும்பினோம்.

ஒருநாள் ஒரு செங்கல் சூளையில், பச்சைக்கல் அறுத்துக்கொண்டிருந்த இருளர் பெண் ஒருவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியில் ஒப்புதல் படிவத்தையும் மை டப்பாவையும் நீட்டினோம். மண்ணில் தேய்ந்து தேய்ந்து கட்டைவிரல் வழவழவென்று இருந்தது. மை ஒட்டியது, ரேகை விழவில்லை. மறுபடி அழுத்தச் சொன்னோம். அழுத்திக்கொண்டே கேட்டார்: "இதுல எவ்ளோன்னு எழுதியிருக்கீங்க, சார்?"

கைநாட்டு என்றால் அவருக்கு அட்வான்ஸ். வேறு எதற்கும் யாரும் அவரிடம் கைநாட்டு வாங்கியதில்லை. "பணம் எதுவும் இல்லம்மா, ஆராய்ச்சிக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தோம்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். முன்பணத்துக்காகக் குறைந்த கூலிக்கு உழைப்பதும், கடன் தீரும்வரை வேறு இடம் போக முடியாமல் இருப்பதும் கொத்தடிமைத்தனம் என்று வகுப்பில் நாங்களே சொல்லிக்கொடுத்தோம். விடுதலைச் சான்றிதழ், கண்காணிப்புக் குழு, 2016 திட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் ரூபாய் மறுவாழ்வு நிதி, இதெல்லாம் தேர்வுக் கேள்விகள். அன்று அந்தப் பெண் சொன்ன பதில்களை வரிசையாக எழுதினாலே மனு ஆகிவிடும். அதைக் கொடுக்க வேண்டிய சப் கலெக்டர் அலுவலகம் பொன்னேரியில், நாங்கள் திரும்பிய அதே ரயில் பாதையில் இருக்கிறது. நாங்கள் இறங்கவில்லை. அவரைக் 'கடன்சுமை' அட்டவணையில் ஓர் எண்ணாகச் சேர்த்தோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செய்தது இன்னும் மோசம். இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகைகளில் ஒடிசா, பீகார் இளைஞர்களைப் பேட்டி எடுத்தோம். எங்களுக்கு ஒடியாவும் தெரியாது, இந்தியும் வராது. மேஸ்திரி மொழிபெயர்த்தார். மேஸ்திரியைப் பற்றிய கேள்வியையும் அவரே மொழிபெயர்த்தார். "நல்லா பாத்துக்கறாங்களாம்" என்றார். அதைத் 'திருப்தி' என்று குறித்துக்கொண்டு அரங்கத்தில் வாசித்துக் கைதட்டல் வாங்கினோம். 2020 ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு வடக்கே நடந்தபோது, நாங்கள் பேட்டி எடுத்தவர்களில் ஒருவருடைய போன் நம்பர்கூட எங்களிடம் இல்லை.

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் எங்களோடு ஒரே மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை பேட்ச் மாணவர்களுக்கு அவர்கள் பதில் சொல்லியிருப்பார்கள்! அவர்களைப் பற்றி எழுதியதில் ஒரு பக்கத்தையாவது கொண்டுபோய்ப் படித்துக் காட்டியிருக்கிறோமா?

சூளைகளைப் பற்றி இன்னும் ஒன்றைக் கவனித்தோமா தெரியவில்லை. ஒடிசாவின் பலாங்கீர் மக்கள் நுவாகாய் அறுவடைப் பண்டிகை முடிந்து சூளைகளுக்கு வருகிறார்கள்; மழை பிடிப்பதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் மாநாடு நடத்தும் மார்ச்சில் சூளை முழு வேகத்தில் எரிகிறது. எங்கள் அறிக்கை அச்சாகி வரும் ஜூலையில் அங்கே படிக்க ஆளே இல்லை.

பழைய படிவங்கள் துறை பீரோவில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அந்தப் பெண்ணுடையதைத் தேடி எடுத்தேன். கையெழுத்து இடத்தில் ஒரு நீலத் திட்டு, ரேகை இல்லை. மேலே சூளை இருக்கும் ஊரின் பெயர் தெளிவாக இருக்கிறது. தை பிறந்ததும் அங்கே வேலை தொடங்கிவிடும். மலரில் எனக்கு ஒதுக்கிய பக்கத்தை இதோடு முடித்துக்கொண்டு, மனுவை எழுத உட்காருகிறேன். கூட வருகிறவர்கள் பொன்னேரியில் இறங்குங்கள்.