பிட்ச் பண்ணினது காணும், கடனைப் படிப்பியுங்கோ

"வேலை தேடுபவராக இருக்காதே, வேலை கொடுப்பவராக மாறு." கலைப்பீடத்தில் இரண்டு வருடம் இருந்த எவருக்கும் இந்த வசனம் பாடமாகியிருக்கும். முயற்சியாண்மைச் செயலமர்வு என்று கூப்பிடுவார்கள். ஒன்பது கட்டம் போட்ட ஒரு தாள் தருவார்கள், அதுதான் பிஸ்னஸ் மொடல் கன்வஸ். குழுவாக இருந்து நிரப்ப வேண்டும். பிறகு ஐந்து நிமிட பிட்ச். ஒடியல் மாவில் பிஸ்கட், பனையோலையில் லப்டொப் பை, ரியூசனுக்கு ஒரு அப் என்று நாங்களும் மேடையேறுவோம். நடுவர்கள் தலையாட்டுவார்கள். சான்றிதழ், பட்டீஸ், குரூப் போட்டோ. முடிஞ்சுது.

காசு எங்கிருந்து வரும் என்பதற்கு மட்டும் ஒரேயொரு ஸ்லைட். சேமிப்பு, குடும்பம், வங்கிக் கடன், முதலீட்டாளர் என்று நாலு சொல் அதில் இருக்கும். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று அதையும் தட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் சண்டை அந்த ஸ்லைட்டோடுதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 5 இலட்சம் ரூபாய் கடன், ஆண்டு வட்டி 15 சதவீதம், மூன்று வருடம். கட்டக் கட்டக் குறைகிற மீதிக்கு மட்டும் வட்டி போட்டால் மாதத் தவணை ஏறக்குறைய 17,330 ரூபாய். அதே 15 சதவீதத்தை 'பிளாட்' என்று சொல்லி, முதல் நாள் எடுத்த முழுத் தொகைக்கும் மூன்று வருடமும் வட்டி போட்டால் 20,140 ரூபாய். முடிவில் ஒரு இலட்சத்துக்கு மேல் வித்தியாசம். விளம்பரத்தில் இரண்டுமே 15 தான். மகாபொல 2025 இல் கூட்டியபோதும் 7,500 ரூபாய்தான் ஆனது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒடியல் பிஸ்கட்டைக் கடைக்காரர் "வித்தாப் பிறகு காசு தாறன்" என்றுதான் வாங்கி வைப்பார். சலுகைக் காலம் கேட்டு வாங்காவிட்டால் வங்கியின் தவணை அடுத்த மாதமே வந்து நிற்கும். இந்தக் கணக்கு A/L கணக்கீடு படிக்காத ஒருவருக்கும் அரை மணித்தியாலத்தில் விளங்கும். ஒன்பது கட்டத் தாளிலும் செலவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் தவணை எந்தத் திகதியில் வரும், கையில் காசு எந்தத் திகதியில் வரும் என்பதை அதில் எழுத யாரும் எங்களைப் பழக்கவில்லை.

அடுத்தது பிணை. வங்கிக்குப் போனால் எங்கள் ஐடியாவைக் கேட்க மாட்டார்கள். பிணை நிற்க ஆர், காணி உறுதி இருக்கா என்றுதான் கேட்பார்கள். கலைப்பீடத்தில் எங்களோடு இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். வன்னியிலிருந்து வந்தவரின் வீடு அனுமதிப்பத்திரக் காணியில். அதை வங்கி இலேசில் ஈடாக எடுக்காது. மலையகத்திலிருந்து வந்த பட்ச்மேட்டின் குடும்பம் மூன்று தலைமுறையாக இருக்கும் லயத்து அறைக்கு உறுதியே இல்லை. உறுதி உள்ள வீட்டில் அது அம்மாவின் பெயரில், அனேகமாகச் சீதனமாக வந்தது. ஆகவே "துணிந்து இறங்குங்கள்" என்று மேடையில் சொல்லும்போது, துணியச் சொல்லப்படுவது அந்த அம்மாவுக்கு. அவர் மண்டபத்திலேயே இல்லை.

பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிந்தால் போதும் என்பார்கள். பதியலாம், இலேசான வேலைதான். அப்படிப் பதிகிற தனி வியாபாரத்தில் கடைக் கடனும் எங்கள் சொந்தக் கடனும் சட்டத்தின் முன் ஒன்று என்பதை ஒருவரும் சொல்வதில்லை. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்தால் நிலைமை வேறு. ஆனால் அங்கேயும் பணிப்பாளரின் தனிப்பட்ட பிணையை வங்கி கேட்டு வாங்கினால் அந்த மதில் விழுந்துவிடும். வேலை கொடுப்பவராகு என்கிறார்களே, ஒருவருக்கு வேலை கொடுத்தால் சம்பளத்துக்கு மேல் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் நாங்கள் கட்டவேண்டும் என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

இது ஒன்றும் புதுக் கதையில்லை. போருக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் பெண்களுக்கும் இதே கதைதான் சொல்லப்பட்டது. அப்போது அதன் பெயர் சுயதொழில். கோழி வளர்ப்பு, தையல், இடியப்பம். குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் பிணை நின்று நுண்கடன் எடுத்தார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கிழமைக்கு ஒருநாள் கடன்காரர் வாசலில். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. 2021 இல் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்த அம்மாமாரின் பிள்ளைகள்தான் இப்போது எங்கள் விரிவுரை மண்டபத்தில் இருக்கிறார்கள்.

அது படிக்காத சனம், நீங்கள் பட்டதாரிகள் என்று ஒரு பதில் வரும். சரி, பெரிய வியாபாரிகளைப் பார்ப்போம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்தவர்களின் தவணை அவர்கள் ஒரு பிழையும் விடாமலே ஏறியது. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலம் விடலாம். பராட்டே என்று பேப்பரில் அடிபட்டது அதுதான். சிறு, நடுத்தர வியாபாரிகள் கத்தின கத்தில்தான் 2024 இல் அதை நிறுத்தி வைத்தார்கள், அதுவும் தற்காலிகமாக. இருபது வருடம் கடை நடத்தினவரே ஆடிப்போன இடத்தில் எங்களை விட்டுவிட்டு 'மைண்ட்செட்' பற்றி வகுப்பெடுக்கிறார்கள்.

உங்களுக்கு அரசாங்க வேலைதான் வேணும், அதுதான் இந்தப் புலம்பல் என்பவர்களுக்கும் ஒரு சொல். எங்களில் பாதிப்பேர் ஏற்கனவே ஏதோ வியாபாரம் செய்துகொண்டுதான் படிக்கிறோம். ரியூசன், பிறந்தநாள் கேக், வட்ஸ்அப்பில் சாறி. வியாபாரத்துக்கு நாங்கள் எதிரில்லை. பட்டதாரிக்கு வேலை இல்லாத பொருளாதாரத்தை எங்கள் மனப்பாங்குக் குறைபாடாகத் திருப்பிவிடுவதற்குத்தான் எதிர்.

ஆகவே படிப்பிப்பதானால் ஒழுங்காகப் படிப்பியுங்கள். ஒருநாள் கூத்தாக இல்லாமல் ஒரு செமஸ்டர், தமிழில், கிரெடிட்டோடு. உண்மையான கடன் விண்ணப்பப் படிவத்தையும் பிணை ஒப்பந்தத்தையும் வரிவரியாக வாசிக்க வையுங்கள், பொடி எழுத்து உட்பட. கடை பூட்டிய ஒருவரைக் கூப்பிடுங்கள், வென்றவர்களை நிறையக் கண்டுவிட்டோம். கூட்டுறவு பற்றி ஒரு சொல்லும் எந்தச் செயலமர்விலும் நாங்கள் கேட்டதில்லை. சிக்கனக் கடனுதவுச் சங்கமும் பனை தென்னை வளச் சங்கமும் இருக்கும் ஊரில், மூளாயில் கூட்டுறவாக ஆஸ்பத்திரியே கட்டிய ஊரில், ஐந்து பேர் சேர்ந்து காசு போட்டுத் தொழில் தொடங்கி நட்டத்தையும் பிரித்துக்கொள்வது எப்படி என்று சொல்லித்தர ஒருத்தரும் இல்லையா?

அடுத்த செயலமர்வு அறிவித்தல் எப்படியும் வரும். நாங்களும் வருவோம். இந்த முறை அந்த ஸ்லைட்டைத் தட்ட விடமாட்டம்.