கிரீஸ் கேட்டமரான் டிரிப்: தலைக்கு 12,000 ரூபாய், வொர்த்தா?



கிரீஸ் போக பட்ஜெட் போடுற பல பேரோட எக்செல் ஷீட்ல ஒரு வரி மட்டும் முடிவாகாம நிக்கும். "கேட்டமரான் டே டிரிப், ஆல் இன்க்ளூசிவ், ஒருத்தருக்கு 120 யூரோ." அதுக்கு மஞ்சள் கலர் அடிச்சு, பக்கத்துல ஒரு கேள்விக்குறியும் போட்டு வெச்சிருப்பீங்க. அஞ்சு மணி நேர டிரிப். ரெண்டு பேருக்கு 240 யூரோ. கணக்கு சுலபமா இருக்க ஒரு யூரோ 100 ரூபாய்னு வெச்சுக்குவோம், கிளம்பும்போது அன்னைக்கு ரேட்டைப் போட்டுப் பாருங்க. 24,000 ரூபாய்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சரியான தீவுக்கு, சொந்தக் காசுல போறீங்கன்னா அந்த வரியை வெட்டாதீங்க. வெட்ட வேண்டிய செலவு அதே ஷீட்ல வேற இடத்துல இருக்கு. பல பேர் ஷீட்ல அது எழுதப்படவே இல்ல.

முதல்ல அந்த 12,000-ஐ சம்பளக் கணக்குல பார்த்துடுவோம். கைக்கு மாசம் 60,000 வருதுன்னு வைங்க. 22 வேலை நாள், நாளுக்கு 9 மணி நேரம். மணிக்கு சுமார் 300 ரூபாய். அப்போ ஒரு டிக்கெட்டுங்கிறது 40 மணி நேர உழைப்பு. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் மீட்டிங், டெட்லைன்னு ஓடினது மொத்தமும் அஞ்சு மணி நேரக் கடலா மாறுது. இது சின்னத் தொகைன்னு நான் சொல்ல மாட்டேன். "லைஃப்ல ஒரு தடவைதானே ப்ரோ"ன்னு சொல்லி கார்டைத் தேய்க்கச் சொல்றவனும் நான் இல்ல. இந்தக் காசு எதுக்குப் போகுதுன்னு தெரிஞ்சுட்டுக் கொடுங்கன்னுதான் சொல்றேன்.

(நடுவுல ஒண்ணு. கேட்டமரான்ங்கிற வார்த்தையே நம்ம கட்டுமரத்துல இருந்து போனதுதான். நம்ம ஊர்ல மரத்தை வரிசையா சேர்த்துக் கட்டினது, அங்க ரெண்டு அடிப்பகுதியும் நடுவுல வலையும் வெச்ச பாய்மரப் படகா ஆயிடுச்சு. அதுக்காக டிஸ்கவுண்ட் எல்லாம் தர மாட்டாங்க.)

தீவுல கடை இருக்கா?

ஆல் இன்க்ளூசிவ்னு பார்த்ததும் ரெண்டு விதமா யோசிப்போம். ஒண்ணு, "அட, சாப்பாடு ஃப்ரீயா?" இன்னொன்னு, "மொத்தமா சேர்த்துப் போட்டா ஏமாத்துறாங்கன்னு அர்த்தம்." ரெண்டும் சரியில்ல. எல்லாத்தையும் கட்டி ஒரே விலைக்கு விக்கிறது நமக்கு எப்போ லாபம்னா, தனித்தனியா வாங்க வழியே இல்லாத இடத்துல. அதனால விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ஒரே கேள்விதான். படகு போற தீவுல கடை இருக்கா?

உதாரணத்துக்கு டியா தீவை எடுத்துக்கலாம். கிரீட்டோட பெரிய ஊர் ஹெராக்லியன். அங்கிருந்து வடக்கே சுமார் 7 கடல் மைல் தூரத்துல இருக்கு. ஹெராக்லியன் துறைமுகத்துல நின்னு பார்த்தாலே கடல்ல ஒரு பெரிய பல்லி படுத்திருக்கிற மாதிரி தெரியும். ஊர்னு ஒண்ணு கிடையாது, நிரந்தரமா குடியிருக்கிறவங்க இல்ல. காய்ஞ்ச பாறையும் புதரும், அங்கங்க கிரி-கிரின்னு சொல்ற கிரீட்டோட காட்டு ஆடுகளும்தான். ஐரோப்பாவோட நேச்சுரா 2000 பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கிற தீவு இது. பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ஜாக் குஸ்தோ 1970-களோட நடுவுல இங்க வந்து கடலுக்கு அடியில தேடினார். பழங்காலத் துறைமுகம் ஒண்ணோட மிச்சம் தண்ணிக்குள்ள இருக்குன்னு சொன்னவர் அவர்.

இப்போ நீங்களே யோசிங்க. அங்க ஹோட்டல் இல்ல, தண்ணி பாட்டில் விக்க ஆள் இல்ல. நீங்க குடிக்கிற தண்ணி, சாப்பாடு, முகத்துல மாட்டுற ஸ்நோர்கெல் மாஸ்க், ஏறி உக்கார நிழல், எல்லாமே படகோட வந்தாதான் உண்டு. இந்த மாதிரி இடத்துல ஆல் இன்க்ளூசிவ்ங்கிறது விளம்பர வார்த்தை இல்ல, வேற வழியே இல்லாததால வந்த ஏற்பாடு. 120 யூரோவுல பெரும்பகுதி படகு, ஸ்கிப்பர், டீசல், துறைமுகக் கட்டணம், இன்சூரன்ஸ்னு போகும். இதுல எதையும் நீங்க தனியா வாங்க முடியாது.

அப்படியே ரோட்ஸ் பக்கம் போங்க. அங்கிருந்து சிமி தீவுக்கு வழக்கமான பயணிகள் ஃபெரி இருக்கு. இறங்கினா துறைமுகத்தைச் சுத்தி கலர் கலரா வீடுங்க, வரிசையா தவேர்னா, ஐஸ்க்ரீம் கடை. அங்க போய் ஊரைச் சுத்திப் பார்க்கிறதுதான் உங்க ஆசைன்னா, சாப்பாட்டோட சேர்த்து பெரிய தொகை கட்டி கேட்டமரான்ல போக ஒரு காரணமும் இல்ல. ஃபெரி டிக்கெட் எடுங்க, பிடிச்ச கடையில உக்காந்து சாப்பிடுங்க. பாரோஸ்ல இருந்து ஆண்டிபாரோஸுக்கு இன்னும் சுலபம். பூண்டாவுல ஏறினா ஃபெரி பத்து நிமிஷத்துல இறக்கி விட்டுடும், சில யூரோதான் ஆகும். ரோடு போகாத குகை, குளிக்க ஆளில்லாத கடல் இடுக்கு, இதெல்லாம் வேணும்னா மட்டும் அந்தத் தீவுகளுக்குக் கேட்டமரான் பத்தி யோசிக்கலாம்.

சான்டோரினி தனிக் கதை. எரிமலை வெடிச்சு உண்டான அந்தக் கால்டெராவை கரையில இருந்தே இலவசமா பார்க்கலாம், ஃபீராவுல இருந்து ஓயா வரைக்கும் மலை விளிம்புல நடந்தே போகலாம். கடல்ல இருந்தும் பார்க்கணும்னா காலை டிரிப் எடுங்க. சூரிய அஸ்தமன டிரிப்புக்கு பொதுவா விலை ஜாஸ்தி, படகு போற பாதை பெரும்பாலும் ஒண்ணேதான். ஸ்டோரி போடுறதுக்காக மட்டும் அந்த அதிகத் தொகையைக் கொடுக்கிறது எனக்கு ஒத்துக்கல. உங்களுக்கு ஒத்துக்கிட்டா கொடுங்க, ஆனா எதுக்குக் கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுங்க.

குடிக்காதவர் கட்டுற ஒயின் பில்

ஒரே விலைங்கிறது சராசரி விலை. வர்றவங்கள்ல சிலர் ஒயின் நிறையக் குடிப்பாங்க, சிலர் தொடவே மாட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே காசுதான் கட்டுறாங்க. அதே மாதிரி கிரில்ல வர்ற சுவ்லாக்கி கறியோட விலையும் வெஜிடேரியன் ஆளோட டிக்கெட்ல இருக்கு. அதுக்காக "காசு கொடுத்தாச்சே"ன்னு குடிச்சிட்டு கடல்ல குதிக்கிறது மாதிரி முட்டாள்தனம் வேற இல்ல. நல்ல ஸ்கிப்பர் நீச்சல் முடிஞ்ச பிறகுதான் பாட்டிலைத் திறப்பார். வெஜிடேரியனா இருந்தா முன்கூட்டியே மெயில்ல சொல்லிடுங்க. கிரீட் சாப்பாட்டுல நமக்குக் கஷ்டமே கிடையாது. பார்லி ரஸ்க் மேல தக்காளியும் சீஸும் ஆலிவ் எண்ணெயும் போட்ட டாகோஸ், கிரீக் சாலட், தயிர்ல பண்ற ட்சாட்சிகி, இதுலயே வயிறு நிறைஞ்சிடும்.

ஒயினை விட முக்கியமான கணக்கு நீச்சல். டியாவுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், வரவும் அதே அளவு. மிச்ச நேரத்துல பெரும்பகுதி நங்கூரம் போட்டு, தண்ணியில இறங்கி, ஏறி, சாப்பிடுறதுதான். தண்ணியில இறங்கவே மாட்டேன்னு இருக்கிறவர், டிக்கெட்ல பாதிக்குப் பாதி படகுல உக்காந்து அடுத்தவங்களைப் பார்க்கிறதுக்குக் கட்டுறார். லைஃப் ஜாக்கெட் கொடுப்பாங்க, மிதக்கலாம். ஆனா கிளம்புறதுக்கு நாலு மாசம் இருக்குன்னா, பக்கத்துல இருக்கிற நீச்சல் குளத்துல சேர்ந்துடுங்க. கிரீஸ் பட்ஜெட்ல நீங்க போடுற ரொம்ப நல்ல முதலீடு அதுவாத்தான் இருக்கும். விசா வராட்டியும் நீச்சல் உங்ககிட்டயே இருக்கும்.

காசு உண்மையிலேயே ஒழுகுற இடம்

இப்போ ஷீட்ல இல்லாத வரிக்கு வருவோம். ரெண்டு பேர் கிரீஸ் போய் வர மொத்தம் 3 லட்சம்னு வைங்க. கையில இல்ல, பர்சனல் லோன் போடுறீங்க. 14 சதவீத வட்டி, 24 மாசம். இஎம்ஐ சுமார் 14,400 வரும். ரெண்டு வருஷத்துல கட்டுற வட்டி மட்டும் சுமார் 45,700 ரூபாய், ப்ராசஸிங் கட்டணம் தனி. கேட்டமரான் டிக்கெட் விலையில சொன்னா அது கிட்டத்தட்ட நாலு டிக்கெட்! 24,000 ரூபாய் படகை "ரொம்பக் காஸ்ட்லி"ன்னு வெட்டிட்டு, 45,700 ரூபாய் வட்டியை ஷீட்ல எழுதாமலே கட்டுறவங்களைப் பார்த்தா எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு. கிரீஸ்ல கடல் பார்க்காம திரும்பி வந்து, ரெண்டு வருஷம் கிரீஸுக்கு இஎம்ஐ கட்டுறது என்ன கணக்கு?

அதே 3 லட்சத்தை முன்னாடியே சேர்த்தா மாசம் 12,500. ஆர்டி போட்டா வட்டி சேர்றதால அதுக்கும் கொஞ்சம் கம்மி. லோன் கட்ட முடியுற ஆளுக்கு இது கண்டிப்பா முடியும். என்ன, டிரிப் ரெண்டு வருஷம் தள்ளிப் போகும். அந்தக் காத்திருப்பு பிடிக்கலைன்னா, மாசம் 20,000 போட்டு 15 மாசத்துல கிளம்புங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொட்டு மட்டும் போகாதீங்க.

அடுத்தது கார்டு. பல கிரெடிட் கார்டுகள்ல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப், அந்த மார்க்கப் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. 24,000 ரூபாய்க்கு கிட்டத்தட்ட 990 ரூபாய். மார்க்கப் கம்மியா இருக்கிற கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ எடுத்துட்டுப் போனா இது பெரும்பாலும் மிச்சம். அங்க மெஷின்ல "ரூபாயில கட்டுறீங்களா, யூரோவிலயா?"ன்னு கேக்கும். எப்பவும் யூரோவை அமுக்குங்க. ரூபாயை அமுக்கினா அந்த மெஷின்காரர் வெக்கிற ரேட்தான், அது நமக்குச் சாதகமா இருக்காது. இதுல இன்னொரு சிக்கல், புக்கிங் ஆப்ல விலை ரூபாயில தெரிஞ்சாலும் கம்பெனி வெளிநாட்டுல பதிவானதா இருந்தா சில பேங்க் தனியா சார்ஜ் போடும். உங்க கார்டோட கட்டண அட்டவணையை ஒரு தடவை படிச்சுடுங்க.

ஷெங்கன் விசா 90 யூரோ, சர்வீஸ் கட்டணம் தனி. 30,000 யூரோ கவர் இருக்கிற மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டாயம். இதுல பேரம் பேச ஒண்ணுமில்ல. பேக்கேஜா எடுத்தா டிசிஎஸ் பிடிப்பாங்க. ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போது அதைக் கழிச்சுக்கலாம், ஆனா அதுவரைக்கும் அந்தக் காசு உங்க கையில இருக்காது.

மாசத்தைப் பத்தியும் சொல்லணும். ஜூலை, ஆகஸ்ட்ல ஏஜியன் கடல்ல மெல்டெமின்னு வடக்குக் காத்து பலமா அடிக்கும். டியாவோட தெற்குப் பக்கத்து வளைகுடாக்கள்ல படகு ஒதுங்குறதுக்குக் காரணமே இதுதான், தீவே காத்துக்கு மறைப்பு. ஆனா அங்க போய்ச் சேரத் திறந்த கடலைத் தாண்டணும். காத்து ரொம்ப அதிகமானா டிரிப் ரத்து. விமானம், ரூம் எல்லாத்துலயும் உச்ச விலையும் அதே மாசங்கள்லதான். செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பம் பாருங்க. கோடை முழுக்கச் சூடான தண்ணி அப்பவும் இதமா இருக்கும், கூட்டம் குறையும். மே மாசம் விலை நல்லா இருக்கும், ஆனா தண்ணி நம்ம ஆளுங்களுக்குக் குளிரும்.

எந்த மாசம் போனாலும் படகை ஊருக்கு வந்த ரெண்டாவது நாளே வெச்சுக்கோங்க. காத்தால ரத்தானா நாளை மாத்திக் கொடுக்க ஆபரேட்டருக்கு இடம் இருக்கும். கடைசி நாள்ல வெச்சு ரத்தானா காசு திரும்ப வரலாம், கடல் வராது.

புக் பண்றதுக்கு முன்னாடி ஆப்ல பார்த்த விலையை வெச்சுக்கிட்டு ஆபரேட்டரோட சொந்த வெப்சைட்டையும் பாருங்க. ஆப்புக்குப் போற கமிஷன் கணிசமானது, நேரடியா கேட்டா சில பேர் குறைச்சுத் தருவாங்க. மெயில் போடும்போது கேளுங்க: படகுல மொத்தம் எத்தனை பேர், ஹோட்டல்ல இருந்து பிக்கப் உண்டா, அது எந்த ஏரியா வரைக்கும், காத்தால ரத்தானா முழுப் பணமும் வருமா, மிச்சப் பணத்தை ரொக்கமா கேப்பீங்களா. எட்டு, பத்து பேரா போறீங்கன்னா முழுப் படகோட வாடகையையும் கேட்டுப் பாருங்க, தலைக்குப் பிரிச்சா சில நேரம் பக்கத்துல வந்துடும். அப்புறம், ஏறும்போதே செருப்பைக் கழட்டி ஒரு கூடையில போடச் சொல்லிடுவாங்க. இந்த ஒரு நாளுக்காக 4,000 ரூபாய்க்கு டெக் ஷூ எல்லாம் வாங்கிடாதீங்க.